தேனுவுக்கு வாங்கிய விளக்கு

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கோட்டுச்சேரி கடைத்தெரு முழுக்கச் சேறு. ஸ்டூடியோ லீவு. லென்ஸ் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை தேனுவைத் தோல் டாக்டரிடம் காட்டியதிலிருந்து இப்படித்தான். உதட்டோரம் ஒரு திட்டு, மணிக்கட்டில் ஒன்று. தேமல் என்று நினைத்து ஏதோ தடவிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கைவிளக்கைக் காட்டினார். மகளின் முகமே மங்கிப்போய், அந்த இரண்டு இடம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"வெண்புள்ளிங்க. குஷ்டம் கிஷ்டம்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க. தொத்தாது. களிம்பு எழுதித் தர்றேன். பரவுதான்னு பாக்கணும், அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த மாசம்! அதுவரை? கண்ணுக்குத் தெரியாமல் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ. படம் எடுப்பது என் தொழில். அந்த விளக்கு ஒன்று இருந்தால் வாராவாரம் நானே எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

மனைவி மலரிடம் சொன்னேன். "டாக்டரு எடுக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பாஸ்போர்ட் போட்டோ மூன்று. ஒரு நிச்சயதார்த்த ஆல்பம் பாக்கி.

டவுனில் பஷீர் பாய் கடையில் கேட்டேன். "பாய், யூ.வி. லைட் இருக்கா?"

"கொரோனா நேரத்துல வாங்கிப் போட்டது ஒண்ணு கெடக்கு மாஸ்டர். எடுத்துட்டுப் போங்க."

நிறமில்லாத கண்ணாடி டியூப். பெட்டியில் 254 என்று போட்டிருந்தது. மாடல் நம்பராக்கும். டியூஷன் விட்டதும் தேனு ஸ்டூடியோவுக்கு வருவதாக ஏற்பாடு. அவள் வருவதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டுமென்று பின் அறையில் டியூபை மாட்டி, ஸ்டாண்டில் கேமராவை வைத்து, என் கையையே கீழே நீட்டி ஃபோகஸ் பார்த்தேன். இளநீல வெளிச்சம், பார்க்கச் சாதுவாக இருந்தது. டியூபுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம். டாக்டர் அறையில் கண்ட தினுசு வரவே இல்லை. ஒரு வாசனை வேறு.

மழை பிடித்துக்கொண்டது. மலர் போன் செய்து, தேனுவை நேராக வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். எரிச்சலாக வந்தது. சாயங்காலம் வீணாகிவிட்டதே என்று.

நவம்பர் 5, புதன்

கண் திறக்க முடியவில்லை. இமைக்குள் மணல் கொட்டியது போல. தண்ணீராகக் கொட்டுகிறது. முகம், கை எல்லாம் வெந்த சிவப்பு. ஒரு கண்ணால் எழுதுகிறேன், வரி எங்கே போகிறதோ.

மலர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டர் என்ன செய்தேன் என்று கேட்டார். டியூபைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"அது கிருமியைக் கொல்ற லைட்டுங்க. ஆள் இல்லாத ரூம்ல போடுறது. வெல்டிங் வெளிச்சம் அடிச்ச மாதிரி கண்ணோட மேல்தோல் பொசுங்கிடும். ஓரிரு நாள்ல ஆறிடும், பயப்படாதீங்க. வேற யாராச்சும் இருந்தாங்களா அங்க?"

மலர்தான் பதில் சொன்னாள். "மழ வரலேன்னா எம் பொண்ணும் இருந்திருப்பா சார்."

மருந்துச் சீட்டை அவளே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. கண் தேவலை. கையில் தோல் உரிகிறது.

பஷீர் பாய் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "யா அல்லாஹ், நீங்க கிருமிக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன் மாஸ்டர். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம தூக்கிக் குடுத்துட்டேனே."

"நானும் சொல்லலியே பாய்."

உள்ளே வரச் சொன்னேன். டீ குடித்தார். டியூபைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், இனி யாருக்கும் விற்பதில்லை என்று.

மலர் இட்லி வைத்தாள். சட்னியும் வைத்தாள். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. தோல் டாக்டருக்கே போன் போட்டுவிட்டேன். நன்றாகத் திட்டினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். குறித்தது:

— 365 நானோமீட்டர் அலைநீளம். (அந்த 254-ம் இதே கணக்குதான், மாடல் நம்பர் இல்லை.) பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். எழுதாததை வாங்கக் கூடாது.
— கறுப்பு ஃபில்டர் கண்ணாடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். 395 என்று மலிவாக வரும் டார்ச்சில் அதே தொல்லை.
— இதையும் நேராகப் பார்க்கக் கூடாது. யூ.வி. தடுக்கும் கண்ணாடி, எனக்கும் அவளுக்கும்.
— ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். பார்த்ததும் அணைக்க வேண்டும்.
— முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு. களிம்பு, பவுடர் கூடாது.
— மாதம் ஒரு முறை போதும். (இரண்டு தடவை சொன்னார்.)

கேமராவுக்கு நானே யோசித்தது: லென்சுக்கு யூ.வி. ஃபில்டர், இல்லாவிட்டால் படம் முழுக்க நீலப் புகை. ஸ்டாண்ட் நிற்கும் இடத்தில் தரையில் டேப். எக்ஸ்போஷர் ஒரே அளவு, ஆட்டோவில் விடக் கூடாது. பக்கத்தில் ஸ்கேல்.

ஆர்டர் போட்டாயிற்று. ஆல்பக்காரர் இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

விளக்கு வந்தது. கண்ணாடியும்.

தேனு ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமாகப் படுக்கையறை ஜன்னலில் போர்வை கட்டி உட்கார வைத்தேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "ப்பா, உங்க பல்லு மின்னுது!"

விளக்கைக் கழுத்துப் பக்கம் திருப்பினேன். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், நீலமும் வெள்ளையுமாக. தாடைக்குக் கீழே திட்டுத்திட்டாக. விளக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். "என்னாச்சுப்பா?" என்கிறாள்.

மலர் உள்ளே வந்து லைட்டைப் போட்டாள். மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஈரத் துணி எடுத்து வந்து கழுத்தை அழுத்தித் துடைத்தாள். "இப்பப் பாருங்க."

ஒன்றும் இல்லை. யூனிஃபார்ம் காலரில் இருந்த சோப்புத்தூள். அவள் சட்டையே டியூப்லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கழுவித் துடைத்துவிட்டு என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

உதட்டோரமும் மணிக்கட்டும் மட்டும்தான். இரண்டையும் படம் எடுத்தேன். ஓரம் கூர்மையாக விழுந்திருக்கிறது. நல்ல படம். நல்ல படம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

தாழ்வு மண்டலமாம். ஸ்கூல் லீவு. வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது.

நேற்றும் எடுத்தேன். முந்தாநாளும். கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு மயிரிழை கூடியிருப்பது போல் தோன்றும். அவள் தலை சற்றுச் சாய்ந்ததால் என்று பிறகு புரியும். மறுபடி எடுத்தால்தான் மனசு ஆறும்.

இன்று தேனு கதவைச் சாத்திக்கொண்டாள். "மாட்டேன்ப்பா. தெனம் தெனம் என்னா பாக்குறீங்க? நேத்து நான் இங்கிலீஷ்ல ஃபர்ஸ்ட் மார்க்குன்னு சொன்னேன், காதுலயே வாங்கல நீங்க."

மலர் அடுப்படியிலிருந்து: "பதினாலு வயசுப் புள்ளைய இருட்டு ரூம்ல உக்கார வச்சு உக்கார வச்சு, என்னமோ குத்தம் பண்ணுன மாதிரி ஆக்கிட்டீங்க. அந்த வெளக்க எங்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

எவ்வளவு மார்க் என்று இன்னும் கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

வானம் மூட்டம். நிச்சயதார்த்த ஆல்பம் முடித்துக் கொடுத்தேன்.

தேனுவுக்கு மலர் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில், வலது காதுக்குப் பின்னால். விளக்கே வேண்டியதில்லை. கடலை அளவு ஒரு வெள்ளைத் திட்டு. மலரும் பார்த்துவிட்டாள். சீப்பு நின்றது, பிறகு ஓடியது. தேனு பாட்டுக்கு ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். யாராவது வந்து வேறு ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

தேனுவிடம் சொல்லிவிட்டேன். பைக்கில் கருக்களாச்சேரிக்கு மீன் வாங்கப் போனோம், நானும் அவளும். கடல் கலங்கி இருந்தது, படகுகள் எல்லாம் கரையில். மீன் கிடைக்கவில்லை.

"தேனு, காதுக்குப் பின்னாடி..."

"தெரியும்ப்பா. போன வாரமே ஃபாத்திமா பாத்துச் சொன்னா. போன்ல போட்டோ எடுத்தும் காட்டுனா."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

மணலைக் காலால் கிளறிக்கொண்டே நின்றாள். "நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்."

இங்கிலீஷில் எவ்வளவு என்று கேட்டேன். தொண்ணூற்று மூன்று. திரும்பி வரும் வழியில் கட்டுரைத் தலைப்பு, டீச்சர் என்ன சொன்னார், ஃபாத்திமாவுக்கு எவ்வளவு என்று முழுவதும் சொன்னாள். கேட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

டாக்டரிடம் போனோம். படங்களைக் கொடுத்தேன். பாதியைத் தள்ளிவிட்டு முதல் நாளையும் கடைசி நாளையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய இரண்டும் பரவவில்லை. காதுக்குப் பின்னால் புதிது.

"களிம்போட லைட் வைத்தியமும் ஆரம்பிச்சிடுவோம். வாரத்துக்கு ரெண்டு நாள். அதுவும் யூ.வி.தான்."

எழுந்துவிட்டேன். "வேணாங்க."

"உங்களச் சுட்டது வேற, இது வேற. மெஷின் அளந்துதான் விடும். முதல்ல சில விநாடிதான், தோல் தாங்குதான்னு பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவோம். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. பலன் தெரிய மாசக்கணக்காகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, அதையும் சொல்லிடுறேன்."

மலர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். டாக்டர் தேனுவின் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

இவ்வளவு நாளில் நான் கேட்காத கேள்வி.

"செய்யலாம் டாக்டர்."

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. முதல் நாள் வைத்தியம். மலருக்கு ஆபீஸ் லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிப்போனேன்.

ஆள் உயரப் பெட்டி, உள்ளே சுற்றிலும் டியூப். நர்ஸைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எந்த அலைநீளம், கதவு தானாகத் திறக்குமா, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும். "கரண்ட் போனா லைட்டும் போயிடும் சார்" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னது பெரிய மனசு.

தேனு தலையைத் தூக்கி முடிந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. விசிறி ஓடும் சத்தம். ஓரத்து இடுக்கில் நீலமாக ஒரு கோடு.

உள்ளேயிருந்து குரல். "ப்பா, நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்டா."

"இந்தப் பக்கம் பாக்காதீங்க. கண்ண மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன்.