ஓடி முடித்த தவிட்டிக்கு ஒரு வீடு

6-3-88, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில். பின்கட்டில் நாய்க் குளியல். பெரியப்பாவின் மூன்று நாய்களில் இரண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது: கருப்பன், மில் வாட்ச்மேனுக்கு. வெள்ளையன், மடவார் வளாகத்து மளிகைக்கடைக்காரருக்கு. மீதி தவிட்டி. ஆறு வயதுப் பெட்டை, தவிட்டு நிறம்.

கண்மாய் காய்ந்ததும் நடக்கும் நாய் ஓட்டப் பந்தயங்களில் ஓடியவை. இனி வயதில்லை. பெரியப்பாவும் மாதக் கடைசியில் மதுரைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறார். மாடி வீடு.

மலையடிவாரத்து வேட்டைக்காரர் தவிட்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன வருடம் அவரிடம் போன நாயைப் பன்றி கிழித்துவிட்டது.

"வேற ஆளு அமையலன்னா அவன்ட்டதான் போகணும்" என்றார் பெரியப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

தவிட்டிக்குத் தெரியாதவை (இதுவரை கொட்டகையைத் தவிர எங்கும் படுத்ததில்லை): மாடிப்படி. ஓடும் மின்விசிறி. நிலைக்கண்ணாடி. கண்ணாடியை மோந்துவிட்டு, அதன் பின்னால் போய்ப் பார்த்தது. நியாயமான சந்தேகம்.

நூலகத்தில் நாய் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. குதிரை பற்றி இரண்டு. இரண்டையும் எடுத்து வந்தேன்.

9-3, புதன்

சுந்தரபாண்டியத்திலிருந்து மாரிமுத்து என்பவர். பருத்தி வெள்ளாமைச் சம்சாரி. பருத்தி இறக்கிவிட்டு வண்டியோடு வந்தார்.

"கடிக்குமா தாயி?"

"கடிக்காது. குலைக்கக்கூடச் செய்யாது."

"பொறவு எதுக்கு நாயி?" அவரே சிரித்தார். அதற்குள் தவிட்டி அவர் கையை நக்கிவிட்டது.

இந்த நாய்களை விற்பதில்லை, வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பதுதான் வழக்கம். தவிட்டியின் தலையில் கை வைத்துச் சொன்னார்: "வேண்டாம்னா இங்கனயே கொண்டாந்து விடுதேன். வேற ஆளுக்குக் கைமாத்த மாட்டேன்." சோறு, ஊசி, பூச்சி மருந்து எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வண்டியில் பயணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போனது. மதியம் ஆபீசில் டைப் அடித்த கடிதத்தில் ஆறு பிழை.

13-3, ஞாயிறு

மாரிமுத்து வண்டி வாசலில். தவிட்டியும்.

"மூணு நாளா சாயங்காலமானா ஓடிருது. நேத்து புதுப்பட்டி ரோடு வரைக்கும் போய்ப் பிடிச்சேன். வீட்ல ஏசுதா."

"யாராவது அடிச்சீங்களா?"

"என்ன தாயி, நான் அடிக்கிற ஆளா?"

இல்லைதான். அதே வண்டியில் நானும் ஏறிப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும், "வாங்க. ஒங்க நாயக் கூட்டியாந்துட்டியளா?" என்றாள். காபி கொடுத்தாள்.

மாலை ஐந்தரை. மாரிமுத்து வயலிலிருந்து வந்தார். கால் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு.

தவிட்டி இல்லை. புழுதி மட்டும்.

பந்தயத்தில் பெரியப்பா துண்டை இறக்கினால் நாய் பாயும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனாலேயே சொல்லத் தோன்றவில்லை. பூச்சி மருந்தெல்லாம் எழுதினேன், இதை விட்டேன்.

அதைப் பிடித்துக்கொண்டு வந்த பிறகு சொன்னேன்.

"அப்ப நீங்க துண்டு போடாம இருங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"ஏட்டி, வெறுந்தோளோட ஊருக்குள்ள போனா எனக்கு என்னமோ ஆயிருச்சின்னுல்ல பேசுவான்!"

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். பொறவு கொண்டு விட்ருங்க."

15-3, செவ்வாய்

எனக்கு லேசான காய்ச்சல். துண்டு புரிகிறது. ஏன் நிற்காமல் ஓடுகிறது? பெரியப்பாவிடம் கேட்டேன்.

"ஓட்டத்துக்கு ரெண்டு ஆளு வேணும்ல? ஒருத்தன் விடணும், ஒருத்தன் அந்தக் கடைசில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிடுத ஆளு இல்லன்னா அது எங்க போயி நிக்கும்?"

"யார் நிற்பாங்க?"

"ஒங்கப்பன்தான்."

அப்பா! வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறக்காமல் கை காட்டுகிறவர். போய்க் கேட்டேன். பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "ஆமா" என்றார். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "தவிட்டி நேரா நெஞ்சுல வந்து மோதும்" என்றார்.

அப்படியானால் அது தப்பி ஓடவில்லை. கூப்பிடுகிறவரைத் தேடி ஓடியிருக்கிறது. மூன்று நாளும்.

20-3, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. அங்கிருந்து சுந்தரபாண்டியம். பெரியப்பாவும் அப்பாவும் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பேச்சியம்மாள்: "நானா? ரோட்டுல நின்னு நாயக் கூப்பிடவா? நல்லாருக்கு." புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் அறுத்த வயலின் கடைசி வரப்பில் போய் நின்றாள். திரும்பி எங்களைப் பார்த்தபடி.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். துண்டை இறக்கினார்.

பாதி வயல். முக்கால். அவள் வாயைத் திறக்கவில்லை. தவிட்டி அவளுக்கு இடப்பக்கமாக, ரோட்டைப் பார்த்துத் திரும்பியது.

"ஏட்டி! தவிட்டி! எங்கட்டி போற, இங்கன வா!"

வளைந்தது. நேராக அவள் மேல். புல்லுக்கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மாரிமுத்து "அய்யய்யோ" என்று ஓட, நானும் ஓட.

அவள் வரப்பில் உட்கார்ந்தபடி, ஒரு கையால் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை எங்களை நோக்கி வீசினாள்:

"இங்க என்னத்துக்கு வாரிய? அங்கனயே நில்லுங்க! இன்னொரு தடவ விடுங்க!"