ஆவியாய்ப் போன குருந்து இலை

கார்த்திகை 12, செவ்வாய்

மாடியில் நிழலில் உலர்த்தியிருந்த குருந்து இலை முழுவதும் இன்று போய்விட்டது. நாளை கல்லூரி ஆய்வகத்தில் அதைக் காய்ச்சி எண்ணெய் இறக்க இருந்தேன். குற்றாலத்தில் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து பார்த்து நனைந்து வந்த அப்பாவுக்குச் சளி. எலுமிச்சை மணம் வரும் அந்த இலையை அம்மா அள்ளிக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிக்க வைத்துவிட்டாள்.

“நொச்சின்னு நெனச்சுட்டேன்ட்டி. இலைதானே, செடியில இன்னும் கெடக்காதா?” என்றாள்.

கிடக்கும். அது எப்போதும் இலை நிற்கும் புதர்தான். ஆனால் பூக்கும்போது அந்த இலையில் ஊறும் எண்ணெய் வேறு, காய்த்தபின் வேறு. அதைக் காட்டுவதுதான் என் ஆய்வே. பூக்காலமோ முடியப் போகிறது.

அப்பா போர்வைக்குள்ளிருந்து, “எனக்கு மூக்கு தொறந்துட்டு. காலையில நானும் வாரேன், பறிப்போம்” என்றார். சளியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் வடகரை பஸ் ஏறி, ஊருக்கு மேற்கே பாறைக்காட்டில் தேடுவேன். இந்த மழையில் பூ உதிர்ந்திருந்தால் அடுத்த கார்த்திகைவரை காத்திருப்பேன். தை மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களும் காத்திருக்கட்டும். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.