லாரிப் பின்பலகையில் சுட்ட மீன்

இன்று மாலை கீழ்வீட்டுச் சீனக் குடும்பம் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டது. இந்தப் புக்கிட் மேரா அடுக்குமாடியில் ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டுக்கும் பொது. "ஜன்னலைச் சாத்துங்க" என்றாள் என் மனைவி. சாத்த மனம் வரவில்லை, அங்கேயே நின்றேன். நீ போய் ஓராண்டாகப் போகிறது. பாவி, உன் ஞாபகம் எனக்கு மூக்கு வழியாகத்தான் வருகிறது.

பந்தாட்டம் நடக்கும் நாட்களில் ஜாலான் புசார் விளையாட்டரங்குக்கு வெளியே லாரியை நிறுத்துவாய். இரும்புக்கடை காதர் பாயின் லாரி அது. நீ ஓட்டுநர், நான் சாமான் ஏற்றி இறக்குபவன். பின்பலகையை இறக்கிவிட்டால் அதுதான் நமக்குச் சமையலறை, சாப்பாட்டு மேசை, பெஞ்சு எல்லாம். மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஆணியால் துளை போட்டு, கடையில் மிஞ்சிய கம்பிவலையை மேலே வைத்து நீ செய்த அடுப்பை ஒரு கையால் தூக்கிவிடலாம். நாலு கெம்போங் மீனை அடுக்கினாலே வாலெல்லாம் வெளியே தொங்கும்.

அந்தத் தகர அடுப்பில் நீ காட்டாத வித்தையா? மீன் வயிற்றில் இறால் வாடை தூக்கும் பிளாச்சான் சம்பலை அடைத்து வாழையிலையில் சுற்றுவாய். எலுமிச்சை மணக்கும் செரைப்புல் தண்டின் நுனியை நசுக்கி அதாலேயே எண்ணெய் தடவுவாய். டின் மத்தியை ரொட்டிக்குள் வைத்து, இலை சுற்றிய ஸ்பானரை மேலே போட்டு அழுத்தி, மொறுமொறுவென்று எடுப்பாய். தணல் அடங்கும் நேரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசித் துண்டுகள். உள்ளே கோல் விழுந்து கூட்டம் அலறினால், "யாரு போட்டா?" என்று மதிலைப் பார்த்துக் கத்திக்கொண்டே மீனைப் புரட்டுவாய். மதில் என்றைக்குப் பதில் சொன்னது!

இத்தனையும் செய்த நீ ஒரு துண்டு மீனை வாயில் வைத்ததில்லை. உனக்குச் சுட்ட கத்தரிக்காயும் ரொட்டியும் போதும். உப்பு பார்ப்பது என் வேலை.

"சாப்பிடாமலே எப்படிடா இப்படிச் சுடுறே?"

"உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா மாப்ளே?"

கலியாணமான சில மாதத்திலேயே மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நீ. அவள் இங்கே வந்து சேரும்வரை மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை என்று சிராங்கூன் சாலை அம்மனிடம் வேண்டிக்கொண்டாய். வந்த அன்றே அவளுக்குச் சுட்டுக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து நீயும் சாப்பிட வேண்டும். அதற்கான ஒத்திகையைத்தான் நானும் லாரியைச் சுற்றிக் கூடும் கூட்டாளிகளும் இத்தனை காலம் வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்தோம்.

"கூட்டிட்டு வாப்பா. இடத்தை அப்புறம் பாத்துக்கலாம் லா" என்று காதர் பாய் எத்தனையோ முறை சொன்னார்.

"அடுப்பு வைக்க இடமில்லாத ரூமுக்கா பாய்? லாரியிலயா குடும்பம் நடத்துறது?" என்பாய்.

உன் பேச்சிலும் நியாயம் இருந்தது. நீ தங்கியிருந்த பஃபலோ ரோட்டு மாடியறையில் ஓட்டுநர்கள் கால்மாடு தலைமாடாகப் படுத்திருப்பீர்கள். அடுப்பு மூட்டினால் வீட்டுக்காரன் மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்துவிடுவான். சமையலறையோடு ஓர் அறை தேடித் தேடி அலைந்தாய். கிடைத்தது உன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது, கட்டுப்படியாவது கிடைக்காது. அடுத்த தீபாவளிக்குள், அடுத்த பொங்கலுக்குள் என்று ஆண்டுகள் போயின.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கணவனைப் பிரிந்து பல ஆண்டு ஊரிலேயே இருந்துவிட்ட மனைவிமார் இனி இங்கே குடிவர முடியாதாம். காதர் பாய் பத்திரிகையை உரக்க வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாங்க எங்க பாய் பிரிஞ்சிருந்தோம்? நான் ரூம்தானே தேடிக்கிட்டிருந்தேன்" என்றாய்.

இதையேதான் குடிநுழைவு அலுவலகத்திலும் சொன்னாய். போகும்போதெல்லாம் ஒரே பதில்தான். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம் அதிகம். ஒரு அடுப்படிக்காக ஒரு வாழ்க்கையையே காக்க வைத்துவிட்டாயே என்று இருந்தது.

"ஊருக்கே போயிடேன்டா" என்றேன்.

"போயி? இந்தச் சம்பளத்துலதான் அங்க எல்லாரும் சாப்பிடுறாங்க. அங்க எனக்கு லாரியா நிக்குது?"

அதற்குப் பிறகும் நீ பின்பலகையை இறக்கினாய், மீன் சுட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயிலில் சொல்லி வேண்டுதலை முடித்துக்கொள் என்றால், "அவ வரல. அப்புறம் எப்படி முடியும்?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைப்பாய். நெஞ்சு நோயில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், அங்கே கொடுத்த கோழி சூப்பைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் தள்ளிவிட்டாய். அந்த வாரமே போய்விட்டாய்.

பதினாறாம் நாள் என் வீட்டில் உனக்கு இலை போட்டோம். உன் கையால் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் மீன் சுட்டுக் கொண்டுவந்தார்கள். என் மனைவி அதை இலை நடுவில் வைத்தாள். நான் எடுத்துவிட்டேன்.

"செத்தவருக்கு என்னங்க விரதம்? மீனை வைங்க" என்றாள்.

"அந்தம்மா இன்னும் வரலியே" என்றேன். கத்தரிக்காயைச் சுட்டு வைத்துக் கும்பிட்டோம்.

ஊரில் அவள் தாலியைக் கழற்றிவிட்டார்களாம். இனி அவளுக்கு இங்கே வர வழியும் இல்லை, வேலையும் இல்லை. உன் வேண்டுதல் மட்டும் அப்படியே நிற்கிறது. அதை முடித்துவைக்க எனக்கு உரிமையில்லை, காப்பாற்ற மட்டும் முடியும். அடுத்த வாரம் உன் திதி. இந்த முறையும் இலையில் மீன் இருக்காது. நான் இருக்கும்வரை இருக்காது. என் பிள்ளைகளுக்கு நீ 'மீன் மாமா', அவ்வளவுதான். மாமா மீனே தின்றதில்லை என்று எத்தனை சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குப் பிறகு உனக்கு இலை போட ஆளில்லை. போட்டாலும் மீனைத்தான் வைப்பார்கள்.