ஏழாவது கன்னியின் முகம்

ஜனவரி 19, திங்கள்

பனி. ஒன்பது மணி வரை மலையே தெரியவில்லை. வேங்கிக்காலில் தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். சொன்ன காரணம் தலைவலி. உண்மைக் காரணம் ஏழாவது கன்னி.

ஆறு படம் முடிந்தது. வியாழக்கிழமை கிரிவலப் பாதை காபிக் கடையில் ஏழையும் மாட்ட வேண்டும். போன மாதம் அங்கேதான் ஓர் அமெரிக்க அம்மா வந்து படங்கள் போட்டுக் காட்டினார். கலிபோர்னியாவில் நிசெனான் என்று பூர்வகுடி மக்கள். தண்ணீரில் வாழும் உயிர்களைப் பற்றி அவர்களிடம் பழைய கதைகள் உண்டாம். அதை வைத்து வரைந்த ஓவியங்கள். பார்த்துவிட்டு வரும்போதே நினைத்தேன், நம் ஏரிக்கரையில் மட்டும் என்ன குறைச்சல், ஏழு கன்னிமார் உட்கார்ந்திருக்கிறார்களே. ஏழு கல், மஞ்சள், குங்குமம். முகம் கிடையாது. முகத்தை நான் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன், பெரிய இவள் மாதிரி.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் கதையை வரைவதற்கு முன்னால் அந்த வீட்டாரைக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று. நல்ல பழக்கம் என்று தலையாட்டினேன்.

வாங்க: நீலம் (தீர்ந்துவிட்டது), ரவை, அப்பாவுக்கு மாத்திரை.

ஜன. 20, செவ்வாய்

வந்துவிட்டாள். ஒரே மூச்சில். காலையில் பென்சில், மத்தியானம் கலர். நிமிர்ந்து பார்த்தால், திவ்யா.

கலாவின் மகள். கலா என் சின்னம்மா பெண், கீழ்பென்னாத்தூர். திவ்யா ஏரியில் மூழ்கிப் போய் நாலு வருஷம். பதினாறு வயசு. குளிக்கவும் போகவில்லை, துணி துவைக்கவும் போகவில்லை. எதற்குப் போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் கன்னியாகவே இறந்துபோனவள் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்க்கரையிலிருந்து கரகத்தில் அழைத்து வர வேண்டும். அவள் யார் மேலாவது வந்து சரி என்று சொன்னால்தான் பந்தக்கால். கரகம், பாவாடை தாவணி, விளக்கு. அவளுக்கு அவ்வளவுதான். முகம் வைக்கக் கூடாது. வைத்தால் முகத்திலேயே தங்கிவிடுவாள், கூப்பிட்டால் வரமாட்டாள். கலா வீட்டில் திவ்யாவின் போட்டோ ஒன்றுகூட வெளியே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மூக்கைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். படம் செத்துப்போனது. பழையபடியே வைத்துவிட்டேன்.

ஜன. 21, புதன்

கலா போன். மகன் கார்த்திக்கு மாசியில் கல்யாணம்.

"ஞாயித்துக்கெழம பூவாட அழைக்கறோம்க்கா. நீ இல்லாம எப்படி? காலைலயே பஸ் ஏறிடு."

வருகிறேன் என்றேன். கலா குரலை இறக்கிக்கொண்டாள்: "அவ வந்தா ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னிக்கி எதுக்குடி அங்க போனன்னு. நாலு வருசமா இத ஒண்ணத்தான் மனசுல வச்சிகினு இருக்கேன்."

படத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதுதான் நேரம். சொல்லவில்லை. தாவணி என்ன கலர் எடுத்தாய் என்று கேட்டேன். மயில்கழுத்தாம்.

ஜன. 22, வியாழன்

கூட்டம். ஊதுபத்திப் புகை ஜாஸ்தி, காபி சுமார். எல்லோரும் ஏழாவது படத்தின் முன்னால்தான் நின்றார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் மகேஷ் அதையே போஸ்டர் ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். தடுத்திருக்கலாம்.

பெருமையாக இருந்தது. மறைத்து என்ன, ரொம்பவே பெருமையாக இருந்தது.

ஜன. 25, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரை. புதுக் கரகம், வேப்பிலை, மயில்கழுத்துத் தாவணி, கண்ணாடி வளையல், அவளுக்குப் பிடித்த தேன்மிட்டாய். பம்பை அடித்து அடித்துக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக நின்றோம். ஒருத்தி மேலும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. கலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், என் முகம் உட்பட.

பூசாரி பம்பையை நிறுத்தச் சொன்னார். "எங்கியோ புடிச்சி வச்சிருக்கீங்கம்மா அவள. யோசிச்சிப் பாருங்க."

கார்த்தி போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். போஸ்டர். அவனுக்கு முந்தின நாளே வந்திருக்கிறது, பாவம், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

கலா ரொம்ப நேரம் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"அவதான் காபிக் கடையில உக்காந்துகினு இருக்காளே. இங்க எப்படிக்கா வருவா?"

வெறும் கரகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட வயிறு.

ஜன. 26, திங்கள்

பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். அங்கிருந்து நேராகக் காபிக் கடை. "மேடம், இத எடுத்தா ஷோவே இல்ல மேடம்," என்றார் மகேஷ். எடுத்துவிட்டேன். சுவரில் ஆணி மட்டும்.

பூசாரி சொன்ன வழி: படத்தை ஏரியில் கரைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடுவது. வாட்டர் கலர்தான், கரைந்துவிடும். இதிலாவது ஒரு புண்ணியம்.

ராத்திரி அப்பா கேட்டார்: "வரையறதுக்கு முன்னாடி கலாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" ஒரு போன். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்தில்தானே போடவில்லை.

ஜன. 30, வெள்ளி

அதே கரை. காற்று. கலா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். துணியில் சுற்றிய படத்தைக் கொடுத்தேன். பிரித்தாள்.

"இந்த மச்சம் எனக்கே மறந்துபோச்சுக்கா."

"வுடும்மா," என்றார் பூசாரி.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். பாதம் கரைந்தது, பாவாடை கரைந்தது. தண்ணீரில் நீலம் பரவியது. தாவணி வரைக்கும் வந்ததும் கை நின்றுவிட்டது. பம்பைச் சத்தம் கூடியது. சட்டென்று படத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் நீலம்.

"யம்மா, அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னியே?" கார்த்தி.

"வேணான்டா. கேட்டா பதில சொல்லிட்டுப் போயிடுவா."

பம்பை தானாக நின்றது. கரையேறி வந்து படத்தை என்னிடமே கொடுத்தாள். "எங்க வீட்ல மாட்டக் கூடாதுக்கா. உன்கிட்டயே இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டு வரை கார்த்தி கூடவே வந்தான். திருவண்ணாமலை பஸ் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் கேட்டான்.

"அப்ப என் கல்யாணம், பெரிம்மா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். படம் மடியில், இன்னும் ஈரம்.