துணி சுற்றிய பிடி

மார்ச் 3, ஞாயிறு

பழைய சாமான் கடையில் இன்று ஒரு கத்தி கிடைத்தது. சமையல் கத்திதான். அலகு முழுக்கத் துரு. பிடியில் துணி, சணல், மறுபடி துணி என்று என் மணிக்கட்டுப் பருமனுக்குச் சுற்றியிருக்கிறது. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கல்லாக இறுகிவிட்டது. காகிதத்தில் பொதிந்து கொடுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "வாராவாரம் கத்தி வாங்குறீங்களே அக்கா, இதுவரைக்கும் யாரையாச்சும் குத்தியிருக்கீங்களா?"

"வரிசையில நீங்கதான் முதல்ல நிக்கிறீங்க" என்றேன்.

பால்கனியில் வைத்து, அலகை வினிகரில் ஊறப் போட்டேன். குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மதியம் போனதே தெரியவில்லை. யாருடைய கத்தி? இவ்வளவு பெரிய பிடிக்கு எவ்வளவு பெரிய கை வேண்டும்? வாசலில் குனிந்து நுழைகிற ஆளாக இருப்பார். அவர் வெங்காயம் நறுக்கினால் மேசை ஆடும், பக்கத்து வீட்டுப் பூனை ஓடும். குரல் மட்டும் சின்னதாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது? தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும்போதும் அந்தப் பெரிய கை ராட்சசர்தான் மனதில் உட்கார்ந்திருந்தார். "எங்கேம்மா இருக்கே நீ?" என்று முதலாளி கேட்டார். இங்கேதான் சார் என்றேன். பச்சைப் பொய்.

மார்ச் 9, சனி

மகள் போனில் பேசினாள். முப்பது தாண்டியும் எங்களுக்குப் பாப்பாதான். ஆனால் பேசுவது என்னவோ எங்களுக்கு அம்மா மாதிரி.

"அப்பா கை நடுக்கம் எப்படி இருக்கு?"

"காலையில அதிகம். மாத்திரை போட்டப்புறம் கொஞ்சம் பரவாயில்ல."

"இன்னும் கத்தி எடுக்கிறாரா? எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வைம்மா. விரல் போச்சுன்னா யாரு பாக்கிறது?"

எதை ஒளிப்பது? ஆஸ்பத்திரிச் சமையலறையில் வாழ்நாளெல்லாம் காய் நறுக்கிய மனிதர். கை நடுங்குகிறது என்று வேலையை விட்டு வந்த அன்று அவர் கையில் இருந்தது அவருடைய ஒரு கத்தியும் ஏப்ரனும்தான். கத்தியை ஒளித்தால் அவரையே பரண் மேல் தூக்கிப் போட்டது போலாகும்.

ஆனால் பயம் எனக்கும் உண்டு. அவர் நறுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

செய்துவிட்டேன். அவர் குளிக்கப் போயிருந்தார்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வித்தைதான். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். கத்தியைச் சாய்த்து அதில் இழுத்தால் அவசரத்துக்குக் கூர் வரும். நான் சாய்க்கவில்லை. அவர் கத்தியின் கூரை நேராக நிறுத்தி, அழுத்தி இழுத்தேன். இழுக்க இழுக்கக் கூர் செத்தது. கோப்பையைக் கழுவியும் வளையத்தில் கறுப்புக் கோடுகள் போகவில்லை, அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தேன்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிறேன் என்று தெரியாமல் இல்லை. கட்டைவிரலால் தடவினாலே கண்டுபிடித்துவிடுவார். பிடித்துத் திட்டட்டும். விரலாவது மிஞ்சும்.

மார்ச் 11, திங்கள்

தக்காளி நசுங்கியது. நசுங்கியதையே வழித்துக் குழம்பில் போட்டார்.

மார்ச் 14, வியாழன்

துரு போய்விட்டது. அலகு இப்போது மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் இருக்கிறது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிவதில்லை, அங்கே ஒரு முகம் இருப்பது மட்டும் தெரிகிறது.

கல்லில் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தேன். சாம்பல் நிறப் பால் வழிந்தது. ஸ்ரக்... ஸ்ரக்... அந்தச் சத்தத்தில் நான் எங்கோ போய்விடுகிறேன். பக்கத்து அறையில் யாரோ நிம்மதியாகத் தூங்குவது போல ஒரு சத்தம்.

ஒன்று மட்டும் வியப்பு. தீட்டித் தீட்டியே அலகு பாதியாகக் குறுகியிருக்கிறது. துருவுக்கு அடியில் கூர் அப்படியே இருந்தது. ராட்சசர் கடைசி நாள் வரை கூர்மையான கத்தியால்தான் நறுக்கியிருக்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு

பலகையில் பாதி வெங்காயம் கிடந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீயே நறுக்கிடும்மா."

"ஏன், என்னாச்சு?"

"கை போச்சு. நடுக்கத்தைச் சொல்லல, அது பழகிருச்சு. பலமே போச்சு. தக்காளித் தோலுகூட இறங்க மாட்டேங்குது."

"கத்தி மொண்ணையா இருக்குமோ என்னவோ..."

சிரித்தார். "நீ கூர் போட்ட கத்தியா? தடவிக்கூடப் பாத்தேன். மொண்ணையாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, கட்டைவிரலும் மரத்துப்போச்சுன்னு."

திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி நின்றேன். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? கத்தி மேல சந்தேகம் வரும்னு நெனச்சேனே, இந்த மனுஷன் தன் கை மேல சந்தேகப்படுறாரே! அப்பவே சொல்லியிருக்கலாம்ல? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வெங்காயத்தை நறுக்கினேன். அழுறதுக்கு ஒரு சாக்காச்சு.

மார்ச் 19, செவ்வாய்

கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

உடனே கூர் போட்டுவிடலாம்தான். போட்டால்? அந்தக் கையையும் அந்தக் கூரையும் சேர்த்து நினைத்தாலே கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.

மார்ச் 23, சனி

வேறெதற்கும் மனம் ஓடவில்லை. அந்தக் கத்தியின் பிடியைப் பிரிக்க உட்கார்ந்தேன். இழைத்துச் சீராக்கி அழகான ஒரு பிடி போட வேண்டும் என்பது திட்டம்.

மேலே பூப்போட்ட திரைத் துணி. அதன் கீழே சணல். சணலுக்கும் கீழே கட்டம் போட்ட சட்டைத் துணி. அதற்கும் கீழே வெள்ளைத் துணி. ஒவ்வொரு சுற்றும் கைபட்டு வழவழவென்று தேய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று ஏறியிருக்கிறது. ஒரே நாளில் சுற்றியதில்லை, வருடக்கணக்கில் சுற்றியது. எல்லாவற்றுக்கும் உள்ளே மெலிசாக, சாதாரணமாக ஒரு மரப்பிடி. என் கைக்கே அளவாக இருந்தது.

ராட்சசரும் இல்லை, ஆடுகிற மேசையும் இல்லை. என்னைப் போல ஒரு கை. முதலில் மெலிந்த பிடியைப் பிடித்த கை. பிறகு இறுக்கி மூட முடியாமல் போன கை. அது பிடியை விட விட, வீட்டில் யாரோ கிடைத்த துணியை எடுத்துச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முடிச்சையெல்லாம் மேல்பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், உள்ளங்கையை உறுத்தக் கூடாதென்று.

அவர்கள் பிடியைத்தான் பெரிதாக்கினார்கள். கூரில் கை வைக்கவே இல்லை.

உப்புத்தாளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். முன்பின் தெரியாத கையைப் பற்றி மூன்று வாரமாகக் கனவு காண்கிறேன். கூட இருக்கிற கையை என்ன செய்துவைத்தேன்?

இழைக்கவில்லை. பிரித்ததை அதே வரிசையில் திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

"கையை நீட்டுங்க, அளவெடுக்கணும்."

"என்ன, இந்த வயசுல வளையல் போட்டுவிடப் போறியா?"

அவருடைய ஏப்ரனைக் கிழித்து அவர் கத்தியின் பிடியில் சுற்றினேன். அதன்மேல் இறுக்கமாக நூல், மறுபடி துணி. முடிச்செல்லாம் மேல்பக்கம். பிறகு கல். முரட்டுப் பக்கம், மெல்லிய பக்கம், கடைசியில் தோல்வாரில் துடைத்துப் பிசிறு எடுத்தேன். பத்திரிகைத் தாளைக் காட்டினால் சத்தமில்லாமல் இறங்கியது. இவ்வளவு நன்றாக நான் கூர் போட்டதே இல்லை, இவ்வளவு பயந்தும் போட்டதில்லை.

மார்ச் 25, திங்கள்

கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். எடுத்தார். பிடியைப் பார்த்தார். கட்டைவிரலால் கூரைத் தடவினார். நிமிர்ந்து என்னையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தக்காளி துண்டு துண்டாக விழுந்தது. ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு மெலிசு, எல்லாமே கோணல். நசுங்கவில்லை.

"விரல் மரத்துப்போகல போலிருக்கே" என்றார்.

"நான் ஒண்ணு சொல்லணும்..."

"அடுப்புல எண்ணெய் காயுது. அப்புறம் சொல்லு."

மார்ச் 29, வெள்ளி

விரலை வெட்டிக்கொண்டார். சின்னக் கீறல்தான், ரத்தம் நின்றுவிட்டது. அவரே போன் போட்டு, பரீட்சையில் பாஸானதைப் போலச் சொன்னார்: "பாப்பா, இன்னைக்கு விரலை வெட்டிக்கிட்டேன்!"

பிறகு எனக்கு அர்ச்சனை. "அம்மா, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

சொன்னாய் மகளே. கேட்டேன். அதுதான் வினை.

மார்ச் 31, ஞாயிறு

எனக்குத் தேநீர் கொண்டுவந்தார், பாதி கோப்பையில், பாதி தட்டில். குடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். நான் அலமாரியின் உள்ளே தள்ளி வைத்த அதே கோப்பை.

கவிழ்த்துப் பார்த்தேன். கத்தி இழுத்த கறுப்புக் கோடுகளைக் காணோம். வளையம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். டக்... டடக்... டக். சீரில்லாத சத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"அடியில கறை இருந்துச்சு" என்றார், திரும்பாமலே. "தேய்ச்சேன், போயிருச்சு."

கவிழ்த்த கோப்பையை நிமிர்த்தினேன்.

"இன்னொரு கப் போடட்டுமா?"

போடுங்கள் என்றேன். கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.