அண்ணை வீட்டு வேலி

12-5-1964
இன்றைக்கும் அண்ணையும் நானும் பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. போன மாரியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவேலியைப் புதுப்பித்தபோது பூவரசங் கதியால் தடிகளை என் வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நட்டார். கேட்டதற்கு எனக்குக் கண் பிழை என்றார். தங்கச்சியின் ஒரு சாண் நிலத்தில் என்ன கோட்டையா கட்டப் போகிறார்? அன்று நின்ற பேச்சுத்தான்.

19-5
மகாதேவிக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது! மாப்பிள்ளைக்குக் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. கலியாணம் ஆவணியில். என் வீட்டுக்காரர் இவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் மகள் கேட்ட முதல் கேள்வி: "கலியாணப் பந்தலுக்கு மாமாதானே கன்னிக்கால் நடவேணும். வருவாரோ அம்மா?"
நான் அரிசி புடைத்தேன். நானாகப் போய்க் கேட்கமாட்டேன்.

7-6
வேலி பழைய இடத்துக்கே போய் நிற்கிறது. என் ஒரு சாண் எனக்கு வந்துவிட்டது. பிழை தெரிந்து பிடுங்கி நட்டிருக்கிறார் போலும். மண் கிளறிய அடையாளம்தான் இல்லை. எதற்கும் பாயசம் வைத்தேன்.

15-6
வேலி இன்னும் போயிருக்கிறது. அண்ணையின் கறிவேப்பிலை மரம் இப்போது என் பக்கம்.

16-6
நான் இரவில் வேலியைத் தள்ளுவதாக அண்ணை இவரிடம் சத்தம் போட்டாராம். நானோ? இந்த முழங்கால் வலியோடை நானோ பூவரசைப் பிடுங்கி நடுறன்? அவரின்ரை மரத்திலை ஒரு இலை தொட்டிருப்பனோ?
பின்னேரம் அண்ணையின் மனுசி மச்சாளின் ரசத்தை நினைத்து, கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்து வேலிக்கு மேலால் எறிந்தேன். திரும்பி வரவில்லை.

2-7
விடியக் கண்ணாலேயே கண்டேன். பல் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், கதியால்கள் கட்டிய தென்னோலைக் கிடுகும் தாமுமாக, கோயில் வீதி சுற்றுகிற ஆட்கள் மாதிரி மெல்ல ஒரு அடி வைத்து நின்றன. ஒரு இலை உதிரவில்லை. வேலிக்கு மேலால் அண்ணையின் தலை தெரிந்தது. வாயில் வேப்பங்குச்சி. அவரும் பார்த்தார். இருவரும் பல்லைத் தீட்டிக்கொண்டே நின்றோம். முதலில் கதைத்தவர் தோற்றவர் அல்லவா?

11-8
அண்ணையின் வாழைகளும் என் பக்கம். பயமாக இருக்கிறது.

20-8
வேலி அண்ணை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தால் கிடுகில் முட்டும். நீர்வேலி ஊர் முழுக்கச் சிரிக்கப் போகிறது. சிரிக்கட்டும். இனியும் சும்மா இருந்தால் நான் மனுசியில்லை. போய் வேலியோடு நின்று சொன்னேன்.
"அண்ணை, எனக்கு உங்கடை நிலம் வேண்டாம். நீங்கள்தான் வேணும். பிள்ளைக்குக் கன்னிக்கால் நட வாங்கோ."
அந்தப் பக்கம் அண்ணை கதவைத் திறந்தார்; அது கிடுகில் முட்டியது.
"வாறன். ஆனால் எந்த வழியாலை வாறது? வாசலிலை உன்ரை வேலியெல்லோ நிக்குது."
உள்ளே மச்சாள் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

21-8
வேலி அண்ணை வீட்டைத் தாண்டிப்போய் தெரு ஒழுங்கை ஓரமாக நிற்கிறது. இரண்டு வீடும் ஒரே வளவுக்குள்.

26-8
அண்ணை புது வேட்டியோடு வந்தார். முள்முருக்கங் கதியாலைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு நேரே நடந்து, நாங்கள் சண்டை பிடித்த அந்த ஒரு சாண் நிலத்தில் குழி தோண்டினார்.
"கன்னிக்கால் பொம்பிளை வீட்டு நிலத்திலையெல்லோ நடவேணும்" என்றார், என்னைப் பார்க்காமல்.
மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினார். மச்சாள் தண்ணீர் ஊற்றினாள்.