நூலில் கோத்த அட்டைகள்

12-8-84, ஞாயிறு

நாளை காலை மதுரையில் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு மணி நேரம். ஒளி பட்டதும் புரதத்துக்குள் மின்னூட்டம் எந்த வழியாக நகர்கிறது என்ற என் ஆராய்ச்சிக் கணக்கு, கம்ப்யூட்டர் படிக்கிற முந்நூறு துளை அட்டைகளில் இருந்தது. தறி நெய்கிற அண்ணன், தறியில் பூ விழ மாட்டுகிற ஜக்கார்டு அட்டை மாதிரி ஓரத்தில் ஓட்டை போட்டு அத்தனையையும் நூலில் கோத்துவிட்டான்.

“வரிசை கலைஞ்சிரும்னுதான் கோத்தேன். அதுக்கு இம்புட்டுக் கத்துற?”

“ஒன்ன யாருண்ணே கேட்டா? மெஷின் இனி ஒண்ணக்கூட வாங்காது!”

“எங்க அட்டையில சேலைக்குப் பூ விழுது. நாலு வருசமா ஒன் அட்டையில என்ன விழுந்துச்சு?”

நூலை வெட்டி எறிந்தேன். நாலு வருஷமும் கம்ப்யூட்டரிலிருந்து பிழை என்றுதான் அச்சுத் தாள் வந்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. அட்டையைக் கெடுத்ததைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தக் கேள்வியை மன்னிக்க மாட்டேன்.